சிப்பந்தியின் கணக்கு சிப்பந்தியின் கண்ணுக்கு



நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. மதரஸாவில் ஓதினோம், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தோம், மற்றதையெல்லாம் தராசின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டோம். அப்படிப்பட்ட நாம் கம்ப்யூட்டர் சம்பந்தமான ஒரு விஷயத்தைப் பற்றிப் பாடம் எழுத முன்வந்ததைக் கண்டு சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும், பாதகமில்லை. நம் கடையில் நடந்த ஒரு பிசகினால் நாம் தலைகுனிந்து கற்ற பாடம் இது. மற்றச் சகோதரர்கள் தலைகுனியாமலே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஒரே நோக்கத்தினால் எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். சிப்பந்தியின் சம்பளக் கணக்கு முன்பெல்லாம் முதலாளியின் மேஜைக்குள் இருந்தது. இப்போது அது சிப்பந்தியின் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. நாம் என்ன பிடித்தோம், என்ன கட்டினோம், எந்தத் தேதியில் கட்டினோம் என்பதை அவர் நம்மைக் கேட்காமலே பார்த்துக்கொள்ளலாம். இதைக் கண்டு வியாபாரி அஞ்ச வேண்டுமா, மகிழ வேண்டுமா என்பதே கேள்வி.

555 நோட்டு

பிரிஞ்சாங்கில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்தின் வழக்கங்கள் தெரியும். 1929-ஆம் வருஷம் ரஸ்ஸல் என்ற துரை ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். நம் ஊருக்கு மேலே இருக்கும் சுங்கை பாலாஸ் தோட்டமும் அந்தக் கம்பெனியைச் சேர்ந்ததே. 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. இந்த மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ் ஜனங்கள். அவர்களுடைய உழைப்பை நம்பியே இந்த ஊர்க் கடைத்தெருவும் வளர்ந்தது.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் கொழுந்தை நிறுத்து எடையைக் கிராணி செக்ரோலில் எழுதிக்கொள்வார். எடையைக் கூப்பிட்டுச் சொல்வது காதில் விழும். எழுதியது கண்ணில் படாது. கணக்குப் புத்தகம் ஆபீசிலேயே இருக்கும். சம்பள நாளன்று கையில் வந்த பணமே கணக்கு. பணம் குறைந்திருந்தாலும் எதனால் குறைந்தது என்று காட்டிக் கேட்பதற்குத் தொழிலாளியின் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இராது. தோட்டத்துக்குத் தோட்டம் நல்ல கிராணிகளும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். எப்படிப்பட்ட கிராணி வாய்ப்பார் என்பது தொழிலாளியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியமாக இருந்தது.

அதே தொழிலாளி நம் கடைக்கு வந்து அரிசி பருப்புக் கடன் வாங்கும்போது நிலைமை வேறு. அட்டையில் '555' என்று அச்சிட்ட சிறு நோட்டு இந்த நாட்டில் யாருக்குத்தான் தெரியாது? கடையில் ஒரு நோட்டு, வாடிக்கைக்காரர் கையில் ஒரு நோட்டு. இரண்டிலும் ஒரே தொகை. மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் தகராறு கிடையாது. நம்முடைய பாட்டன்மார் இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. குர்ஆனிலேயே மிக நீண்ட ஆயத்து, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றிய பகரா சூராவின் 282-ஆம் ஆயத்துதான் என்பது ஓதிய பிள்ளைகள் யாவரும் அறிந்தது. எழுதி வைப்பதில் இரு தரப்புக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

ஆக, நமக்குக் கடன்பட்டவருக்கு நாம் நோட்டுக் கொடுத்தோம். ஆனால் நாம் கடன்பட்டவருக்கு, அதாவது மாதம் முழுவதும் உழைத்துவிட்டுக் கூலிக்காகக் காத்து நிற்கும் நம் சிப்பந்திக்கு, நோட்டுக் கொடுத்தோமா? அநேகர் கொடுக்கவில்லை. நாமும் கொடுக்கவில்லை.

நம் கடையில் நடந்தது

நமது மளிகைக் கடையில் பதினோரு வருஷத்துக்கு மேலாக ஒரு சிப்பந்தி இருக்கிறார். தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர். நம்மைவிட வயதில் மூத்தவராதலால் நாம் அவரை அண்ணன் என்று அழைப்போம். அவர் நம்மை முதலாளி என்றே அழைப்பார். கடைச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நாம் ஊருக்குப் போய் வந்த நாட்களும் உண்டு. ஒரு தடவைகூடக் கல்லாவில் ஐந்து காசு குறைந்ததில்லை.

2024-ஆம் வருஷம் தீபாவளிக்கு அவருடைய மகள் ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். சிறு குழந்தையாக இருந்தபோது நம் கடையில் மிட்டாய் ஜாடியின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிய பிள்ளை. பலகாரத் தட்டுடன் கடைக்கு வந்தவள் சற்றுத் தயங்கிவிட்டு, "மாமா, அப்பாவோட 2022-ஆம் வருஷத்து இ.பி.எப். கணக்கைக் கொஞ்சம் பார்க்கிறீங்களா? நாலு மாசம் காலியா இருக்கு" என்றாள்.

நமக்கு முதலில் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாதாமாதம் பிடித்திருக்கிறோம், மாதாமாதம் கட்டியிருக்கிறோம், எப்படிக் காலியாகும் என்று கேட்டோம். அவள் பதில் பேசாமல் தகப்பனாருடைய கைத்தொலைபேசியைத் திறந்து நம் முன்னே வைத்தாள். 2022 செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய நான்கு மாதங்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில் நம் கடைக் கணக்கை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். பல கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, கட்டிய ரசீதைக் கேட்காமலே இருந்துவிட்டோம். பணம் போய்ச் சேரவில்லை. அவர்மேல் குற்றம் உண்டுதான். ஆனால் சிப்பந்தியின் சம்பளத்தில் பணத்தைப் பிடித்த கை நம்முடையது. அவர் நம்பியதும் கணக்குப் பார்த்தவரை அல்ல, நம்மையே.

இதிலே நம் நெஞ்சை அதிகமாகச் சுட்டது வேறொன்று. அண்ணன் இந்தக் காலி இடத்தைத் தீபாவளிக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே பார்த்திருக்கிறார். 2024 மே மாதம் 11-ஆம் தேதி முதல் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று ஏற்பட்டதும், அதைப் பார்ப்பதற்காக இலட்சக்கணக்கான ஜனங்கள் கைத்தொலைபேசியில் தங்கள் கணக்கைத் திறந்தார்கள் அல்லவா? அப்போது இவரும் திறந்திருக்கிறார். பார்த்தவர் ஏன் நம்மிடம் சொல்லவில்லை என்று கேட்டோம். "கேட்டா, உங்களைத் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே முதலாளி" என்றார்.

ஐந்து மாதம் அந்த மனிதர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நாம் எடுத்துக்கொண்டோமோ இல்லையோ என்ற சந்தேகத்தையும் சுமந்துகொண்டு, நமக்கு மூட்டை தூக்கியிருக்கிறார். சகோதரர்களே, இதற்கு என்ன வட்டி போட்டுக் கொடுக்க முடியும்?

அவருக்கு அப்போது சம்பளம் 1,700 வெள்ளி. அவர் பங்கு 187, நம் பங்கு 221, ஆக மாதத்துக்கு 408 வெள்ளி. நான்கு மாதத்துக்கு 1,632 வெள்ளி. மற்ற இரண்டு சிப்பந்திகளுக்கும் அதே நான்கு மாதங்கள் விட்டுப்போயிருந்தன. மூவருக்கும் சேர்த்து, தாமதக் கட்டணத்துடனும், அந்தப் பணத்துக்குச் சேர வேண்டிய இலாப ஈவுடனும் கட்டி முடித்தோம். ரசீதை மூவர் கையிலும் கொடுத்தோம். அதன் பிறகே இந்த விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தோம். கற்றதைக் கீழே தருகிறோம்.

போர்ட்டல் என்பது என்ன?

அண்ணனுடைய மகள் வேலை செய்யும் கம்பெனியில் சம்பளச் சீட்டைக் காகிதத்தில் கொடுப்பதில்லையாம். இன்டர்நெட்டில் கம்பெனிக்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள். அதற்குப் போர்ட்டல் என்று பெயர். வாசல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சிப்பந்திக்கும் ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் உண்டு. அதைக் கொண்டு உள்ளே போனால் அவரவர் கணக்கு அவரவருக்கு மட்டும் தெரியும். இம்மாதச் சம்பளம், சென்ற மாதச் சம்பளம், ஓவர்டைம், பிடித்தம், மிச்சமுள்ள லீவு, வருஷக் கடைசியில் வருமான வரிக்கு வேண்டிய இ.ஏ. பாரம் யாவும் அங்கே இருக்கும். வீடு மாறினால் விலாசத்தை அவரே மாற்றிக்கொள்ளலாம். லீவு வேண்டுமென்றால் அங்கேயே கேட்கலாம். மேலதிகாரி அங்கேயே அனுமதி கொடுப்பார்.

கம்பெனிக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டோம். முன்பு சம்பள ஆபீசில் இருப்பவர்கள் நாள் முழுவதும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்களாம். இப்போது அவரவரே பார்த்துக்கொள்வதால் கேள்வியும் குறைந்தது, எழுத்துப் பிழையும் குறைந்தது என்றாள்.

இது பெரிய கம்பெனிகளுடைய காரியம் மட்டுமல்ல. மலேசிய அரசாங்க உத்தியோகஸ்தர்கள் தங்கள் சம்பளச் சீட்டை அக்கவுண்டண்ட் ஜெனரல் இலாகாவின் வாசலில் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டு அரசாங்க ஊழியர்கள் 'களஞ்சியம்' என்ற செயலியில் பார்க்கிறார்கள். இந்தியாவில் கம்பெனி வேலையில் இருக்கும் நம் உறவினர்களுக்கு 2014 முதல் யூ.ஏ.என். என்ற ஒரே எண் உண்டு. கம்பெனி மாறினாலும் எண் மாறுவதில்லை. முதலாளி கட்டியது சேமநிதிப் பாஸ்புக்கில் தெரியும். சிங்கப்பூரில் சி.பி.எப். கணக்கைச் சிங்பாஸ் கொண்டு திறக்கிறார்கள்.

நம்மைப் போன்ற சிறு கடைக்காரருக்குத் தனியாகப் போர்ட்டல் வேண்டியதில்லை. ஆனால் நாம் வைக்காவிட்டாலும் நம் சிப்பந்திக்கு ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதுவே ஊழியர் சேமநிதியின் ஐ-அக்காவுன். 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஏற்பட்டு, இப்போது 1991-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடந்துவரும் சேமநிதியில், முன்பெல்லாம் கணக்கு அறிக்கை தபாலில் வரும். அது வருஷத்துக்கு ஒரு முறை வருவது. தோட்ட லயத்துக்கு வந்து சேர்ந்ததோ இல்லையோ! இப்போது ஐ-அக்காவுனில் எந்த மாதத்துக்கு எவ்வளவு வந்தது என்று எந்த நேரத்திலும் பார்க்கலாம். முதலாளிக்கும் இதே இடத்தில் தனி வாசல் உண்டு. சிப்பந்திகளின் பெயர், சம்பளம், பங்குத்தொகை அடங்கிய 'ஏ' பாரத்தை அதிலேயே நிரப்பி, பாங்கு வழியாக அதிலேயே பணம் கட்டலாம். இடையில் ஆள் எதற்கு? நாம் இப்போது நம் கையாலேயே கட்டுகிறோம். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் 'அசிஸ்ட்' என்ற வாசல் உண்டு, அதுவும் அப்படியே.

ஒரு மாதக் கணக்கு

இனிச் சிப்பந்தியும் முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கணக்கைச் சொல்கிறோம்.

முதலாவது, விகிதம். அறுபது வயதுக்குட்பட்ட மலேசியச் சிப்பந்திக்கு 5,000 வெள்ளி வரையுள்ள சம்பளத்தில் அவர் பங்கு 11 சதவீதம், முதலாளி பங்கு 13 சதவீதம். அதற்கு மேற்பட்ட சம்பளத்துக்கு முதலாளி பங்கு 12 சதவீதம். 2025 ஆகஸ்டு முதல் எல்லாக் கடைகளுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆகிவிட்டபடியால், மேலே சொன்ன 187-உம் 221-உம் ஒவ்வொரு கடைக்காரரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எங்கே போகிறது. ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவருடைய 408 வெள்ளி மூன்றாகப் பிரியும். ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 சதவீதம், அதாவது 306 வெள்ளி. செஜாத்ரா கணக்குக்கு 15 சதவீதம், 61 வெள்ளி 20 காசு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பிளெக்சிபல் கணக்குக்கு 10 சதவீதம், 40 வெள்ளி 80 காசு. இந்தக் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, முதலாளி நாற்பது வெள்ளிதான் கட்டினார் என்று நினைத்து மனம் நொந்த சிப்பந்திகளும் உண்டு. மூன்றையும் கூட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, மாதம். ஜனவரி மாதச் சம்பளத்துக்கான பணம் பிப்ரவரி மாதக் கணக்கில் காட்டும். ஏனென்றால் ஜனவரிச் சம்பளத்துக்குப் பிப்ரவரி 15-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். நம் கடையில் காலியாகத் தெரிந்த செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்பது, உண்மையில் ஆகஸ்டு முதல் நவம்பர் வரையுள்ள சம்பளத்தைச் சேர்ந்தது. இது தெரியாமல் நாம் செப்டம்பர் சம்பளப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீணாக்கினோம்.

நான்காவது, எதற்குக் கட்டுவது. சம்பளம், போனஸ், கமிஷன், பெரும்பாலான அலவன்சு ஆகியவற்றுக்குச் சேமநிதி கட்ட வேண்டும். ஓவர்டைமுக்குக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சொக்சோ கணக்குக்கு ஓவர்டைமும் சேரும். இரண்டிலும் வெவ்வேறு தொகை தெரிவதற்கு இதுவே காரணம். அதில் சூது ஒன்றுமில்லை. சீட்டில் தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் சிப்பந்திக்குச் சந்தேகம் வர இடமில்லை.

சீட்டு என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் தயவு என்று சிலர் நினைக்கிறார்கள். அது சட்டம். 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டமும் அதன் கீழ் 1957-இல் வந்த விதிகளும் சம்பள விவரத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்கின்றன. மாதம் முடிந்து ஏழு நாட்களுக்குள் சம்பளம் கொடுக்கச் சொல்கின்றன. கணக்குப் பதிவேட்டை ஆறு வருஷம் பத்திரப்படுத்தச் சொல்கின்றன. கூலியைத் தாமதியாமல் கொடுக்க வேண்டும் என்பது நாம் மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதிய பாடம். அதையே சட்டமும் சொல்லுமானால் நமக்குக் கசப்பு எதற்கு? மேலும், சிப்பந்தியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். சட்டத்துக்குத் தப்பினாலும் அது பிறர் ஹக்கு. ஹலாலான லாபத்தோடு அது கலந்துவிட்டால் எதைப் பிரித்து எடுப்பது?

சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

சிப்பந்திக்குக் கைத்தொலைபேசிப் பழக்கம் போதாது என்று சொல்லி, அவருடைய பாஸ்வேர்டைத் தாமே வைத்துக்கொள்ளும் முதலாளிகள் இருக்கிறார்கள். உதவி செய்யும் எண்ணத்தினாலேயே செய்கிறார்கள் என்று நம்புகிறோம். ஆனால் இது தவறு. அது அவருடைய பெட்டி, அவருடைய சாவி. நம் கல்லாச் சாவியை அவரிடம் கொடுப்பது நம் நம்பிக்கை. அவர் பெட்டிச் சாவியை நாம் வாங்கி வைப்பது நம்பிக்கையாகாது. அவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்கலாம். பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியில் சரிவராவிட்டால் அடையாளக் கார்டுடன் சேமநிதி ஆபீசுக்கு அனுப்பி வைக்கலாம். சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்கி ஏற ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுவது முதலாளிக்கு அழகு.

மோசடிக்காரர்களும் இந்த வாசலைச் சுற்றி அலைகிறார்கள். சேமநிதியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி, தொலைபேசிக்கு வந்த இரகசிய எண்ணைக் கேட்பார்கள். பணம் சீக்கிரம் எடுத்துத் தருகிறோம் என்று லிங்க் அனுப்புவார்கள். அந்த எண்ணை யாருக்கும், முதலாளிக்கும்கூட, சொல்லக்கூடாது என்பதைச் சிப்பந்திகளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டும். ஆயுள் முழுவதும் மூட்டை தூக்கிச் சேர்த்த பணம் ஐந்து நிமிஷத்தில் போய்விடும்.

ஊரிலிருந்து வந்த சிப்பந்தி

நம்மவர்களில் பலர் உணவுக் கடைக்கும் மற்ற வேலைகளுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை வரவழைத்திருக்கிறார்கள். இந்த மலையில் காய்கறித் தோட்டங்களிலும் வெளிநாட்டவர்களே மிகுதி. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுச் சிப்பந்திகளுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. வீட்டு வேலையாட்களுக்கு மட்டும் விலக்கு. சிப்பந்தி பங்கு 2 சதவீதம், முதலாளி பங்கு 2 சதவீதம். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு 34-உம் 34-உமாக மாதம் 68 வெள்ளி. வேலை முடிந்து நாடு திரும்பும்போது அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த 34 வெள்ளி எதற்காகப் பிடிக்கப்படுகிறது என்று சொல்லாமல் பிடித்தால், ஊரிலிருந்து வந்தவர் என்ன நினைப்பார்? முதலாளி சாப்பாட்டுக்குப் பிடிக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார். இவரே எல்லாரிலும் வாய் திறக்கத் தயங்குபவர். பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் முதலாளி கையில் என்ற பயம் அவருக்கு. இவருக்குத்தான் முதலில் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். நம் பாட்டன்மார் கப்பலில் வந்து பிறர் கடையில் நின்ற காலத்தை நினைத்துக்கொண்டால் இந்த வேலை நமக்குக் கடினமாகத் தோன்றாது.

வாரிசு விஷயம்

ஐ-அக்காவுனைத் திறந்தவுடன் பார்க்க வேண்டிய மற்றொன்று, பணத்துக்கு நியமனதாரர் எழுதியிருக்கிறதா என்பது. எழுதாமல் ஒருவர் மௌத்தாகிவிட்டால் குடும்பத்தார் ஆபீஸ் ஆபீசாக அலைய நேரும். முஸ்லிம் அல்லாத சிப்பந்தி எழுதி வைத்தால், யார் பெயரை எழுதினாரோ அவருக்கே பணம் சொந்தமாகும். முஸ்லிம் எழுதி வைத்தால், எழுதப்பட்டவர் வஸீ மாத்திரமே. பணத்தை வாங்கி ஃபராயிள் முறைப்படி வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. மனைவி பெயரை எழுதிவிட்டால் முழுவதும் மனைவிக்கே என்று நம்மவரில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இதை இங்கே எழுதுகிறோம். ஷரீஅத் முறைப்படி முதலீடு செய்யப்படும் சேமிப்பும் 2017 முதல் சேமநிதியில் உண்டு, விரும்பியவர் மாற்றிக்கொள்ளலாம்.

சில ஆட்சேபங்கள்

இதையெல்லாம் சிப்பந்திக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர் நாளைக்கே தொழிலாளர் இலாகாவுக்குப் போய்விடுவார் என்று ஒரு நண்பர் சொன்னார். சரியாகக் கட்டியிருந்தால் போய் என்ன சொல்வார்? சரியாகக் கட்டவில்லையென்றால், இலாகா வந்து கேட்பதைவிட நம் சிப்பந்தி கேட்பது எவ்வளவோ மேல் அல்லவா? 2022-இலேயே அண்ணன் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து நம்மிடம் கேட்டிருந்தால், முதல் மாதத்திலேயே பிசகு வெளியாகி, மற்ற மூன்று மாதப் பணம் தப்பியிருக்கும். சிப்பந்தியின் கண் நம் கடைக்கு ஒரு காவல்.

மற்றொரு நண்பர், நமக்குள் நம்பிக்கை இருக்கும்போது காகிதம் எதற்கு என்றார். நம் வீட்டிலும் பதினோரு வருஷ நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைதான் அண்ணனுடைய வாயை ஐந்து மாதம் கட்டிப்போட்டது. கணக்கு வெளிச்சத்தில் இருந்திருந்தால் நம்பிக்கைக்கு அந்தப் பாரம் வந்திராது.

செய்ய வேண்டியது

சகோதரர்களுக்கு நம் வேண்டுகோள் இது. வருகிற சம்பள நாளில் பணத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். சீட்டையும் கொடுங்கள். சிப்பந்தியை உட்காரச் சொல்லுங்கள். அவர் கைத்தொலைபேசியில் அவர் கணக்கை அவரே திறக்கட்டும். உங்கள் சம்பளப் புத்தகத்தை அதன் பக்கத்தில் வையுங்கள். அந்த 555 நோட்டைப் போல இரண்டையும் ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், கேட்பதற்கு அவரைக் காக்க வைக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். 15-ஆம் தேதிக்கு முன் உங்கள் கையாலேயே கட்டி, ரசீதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்புங்கள். வேலை பத்து நிமிஷம்.

நம் கடையில் இப்போது ஒவ்வொரு மாதமும் 16-ஆம் தேதி காலையில், கடை திறந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அண்ணன் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பார். ஆரம்பத்தில் சில மாதங்கள் நம் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இப்போது நம் எதிரிலேயே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வந்திருச்சு முதலாளி" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பது நமக்கு அன்றைய முதல் போணியைப் போல இருக்கிறது.

பிறர் ஹக்கைப் பேணி வியாபாரம் செய்யும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் யாவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.